வாசகர் கேள்வி – பதில்: கேட்ட இடமெல்லாம் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்கலாமா?

நிறுவனங்கள் நம்மிடமிருந்து திரட்டும் தகவல்களைப் பற்றிய கடிதங்களே இம்முறை அதிகமாக வந்திருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். வழக்கமாக வாசகரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே அச்சிடுவோம். இம்முறை ஊரை மட்டும் தருகிறோம். காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: புடவைக் கடையில் சீட்டிழுப்புக் கூப்பன் நிரப்பவும், கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கவும்கூட அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார்கள். வெறும் இலக்கம்தானே என்று நானும் கொடுத்துவிடுகிறேன். என் மகள் கண்டிக்கிறாள். யார் சொல்வது சரி? – வாசகி, ஹட்டன்

மகள் சொல்வதே சரி. நம் இலங்கை நாட்டு அடையாள அட்டை இலக்கம் வரிசையில் நின்றவருக்குக் கொடுத்த வெறும் தொடர் இலக்கம் அன்று. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் நீங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதையும் குறிக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் கணக்கோடு 500 கூட்டப்படும். ஆகவே 85 என்று தொடங்கி அடுத்து 512 என்று வரும் இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில், அதற்குரியவர் 1985ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி பிறந்த பெண் என்று சொல்லிவிடலாம். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும், ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்ததே தவிர, இந்த ஏற்பாடு மாறவில்லை. பழைய இலக்கத்தின் இறுதியில் வரும் 'வி', 'எக்ஸ்' என்ற எழுத்துகள் அட்டைக்கு விண்ணப்பித்த வேளையில் ஒருவருக்கு வாக்குரிமை இருந்ததா என்பதைக்கூடச் சொல்லிவிடும். வாக்குரிமைக்காக நெடுங்காலம் காத்திருந்த நமது மலையகச் சமூகத்தில் அந்த ஓர் எழுத்துக்கு எவ்வளவு பொருள் இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள்.

இலக்கம் தன்னளவில் சொல்லும் செய்தியைவிட, அது இணைத்துவைக்கும் செய்திகளே முக்கியமானவை. புடவைக் கடைக்கு நீங்கள் எப்போது, எவ்வளவுக்குத் துணி எடுத்தீர்கள் என்பது தெரியும். மருந்துக் கடைக்கு என்ன மருந்து வாங்கினீர்கள் என்பது தெரியும். கடன் நிறுவனத்துக்கு எந்த மாதம் தவணை தவறியது என்பது தெரியும். தனித்தனியே இவை சிதறிய மணிகள். மூன்று இடத்திலும் ஒரே இலக்கம் பதிவாகியிருந்தால், அந்த இலக்கம் அவற்றைக் கோத்துவிடும் நூலாகிறது. தரவு அகழ்வு என்று சொல்லப்படும் வேலையின் பெரும்பகுதி இப்படிக் கோப்பதும், கோத்ததிலிருந்து நீங்கள் வாய்திறந்து சொல்லாத ஒன்றை ஊகிப்பதும்தான்.

வங்கி, வேலை தருபவர், தொலைபேசி இணைப்பு வழங்குபவர், அரச அலுவலகம் ஆகியோர் இலக்கத்தைக் கேட்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பழுதுபார்க்கும் கடைக்குப் பற்றுச்சீட்டும் ஒரு தொலைபேசி இலக்கமும் போதும். சீட்டிழுப்புக்கு வென்றவர் பரிசை வாங்க வரும்போது அட்டையைக் காட்டினால் போதும். பெட்டியில் போடும் ஆயிரக்கணக்கான கூப்பன்களில் அது தேவையில்லை. "எதற்காக?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் கேட்டவரே "சரி, விடுங்கள்" என்பார். அட்டையின் நிழற்பிரதியைக் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் கொடுக்கிறீர்கள் என்பதைப் பிரதியின் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம்.

கேள்வி: என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. நிறுவனங்கள் என் தகவலை ஆராய்ந்து நல்ல சேவை தந்தால் அதில் என்ன நட்டம்? பெயரை நீக்கிவிட்டுத்தானே ஆராய்கிறார்கள்? – வாசகர், தலவாக்கலை

நல்ல சேவை என்பதை மறுப்பதற்கில்லை. கொழும்பைத் தளமாகக் கொண்ட லர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம், அடையாளங்கள் மாற்றப்பட்ட கைபேசி அழைப்புப் பதிவுகளை வைத்து, நாள்தோறும் கொழும்புக்குள் மக்கள் எங்கிருந்து வந்து போகிறார்கள் என்பதை ஆராய்ந்திருக்கிறது. வீடு வீடாகச் சென்று கேட்டு எடுக்கும் கணக்குக்கு ஆகும் காலமும் செலவும் இல்லாமல் போக்குவரத்துத் திட்டமிடலுக்குப் பயன்படும் அறிவு அது. உங்கள் வங்கி அட்டையை வேறொருவர் பயன்படுத்தினால் வங்கி உடனே ஐயுற்று உங்களை அழைப்பதும், உங்கள் வழக்கமான செலவுகளை அது தொடர்ந்து ஆராய்ந்துகொண்டிருப்பதால்தான். தரவு ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை தவறானது. லத்தான்யா சுவீனி என்ற கணினி அறிஞர், 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு, பிறந்த திகதி, பால், அஞ்சல் குறியீடு என்ற மூன்று விவரங்கள் மட்டும் இருந்தாலே அந்நாட்டு மக்களில் 87 சதவீதமானோரைத் தனித்து இனங்காண வாய்ப்புண்டு என்று 2000ஆம் ஆண்டில் காட்டினார். அவ்வளவு பெரிய நாட்டிலேயே அந்த நிலை என்றால், சில டசின் குடும்பங்கள் வாழும் ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவை எண்ணிப் பாருங்கள். "பெண், வயது 47, கணவர் இல்லை, பிள்ளைகள் நால்வர், நீரிழிவு நோயாளி" என்று பெயரில்லாத ஒரு வரி ஏதாவதோர் அறிக்கையில் வந்தால், அந்தப் பிரிவில் உள்ள எவரும் அவர் எந்த லயத்தில் (வரிசைக் குடியிருப்பில்) எத்தனையாம் காம்பராவில் (அறையில்) இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். மக்கள் தொகை சிறுத்த இடத்தில் பெயரின்மை ஒரு பாதுகாப்பே அன்று. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை இம்முறை விட்டுவிட்டதற்கு அதுவே காரணம்.

மறைக்க எதுவும் இல்லை என்கிறீர்கள். மறைப்பதற்கு இன்று எதுவும் இல்லாமல் இருக்கலாம். நாளை கடன் கேட்கும்போதோ, வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ, பிள்ளைக்கு வரன் பார்க்கும்போதோ எந்தத் தகவல் உங்களுக்கு எதிராக நிற்கும் என்பதை இன்று நீங்கள் தீர்மானிக்க முடியாது.

கேள்வி: அம்மா கொழுந்து பறிக்கிறார். எங்கள் தோட்டத்தில் இலத்திரனியல் தராசு வந்துவிட்டது. வருகைக்குக் கைரேகை வைக்கிறார்கள். நிறுவையில் ஏமாற்று குறைந்தது உண்மை. இப்போதோ, மாதம் முழுவதும் யார் எவ்வளவு பறித்தார் என்று பட்டியல் எடுத்து, குறைந்தவர்களைக் கூப்பிட்டு ஏசுகிறார்கள். இதை எதிர்ப்பதா, வரவேற்பதா? – வாசகி, மஸ்கெலியா

தராசை வரவேற்கலாம், அதிலிருந்து எடுத்த பட்டியலை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கேள்வி கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

தோட்டத்தில் தொழிலாளியைப் பற்றிய பதிவு புதிதாக வந்த ஒன்றன்று. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்ததா, அரைப்பேரா முழுப்பேரா (அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா) என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மாதமே அடங்கியிருந்தது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்த கிலோக்களுக்குக் கணக்குக் கேட்க வழியற்றிருந்தவர்களுக்கு, தராசில் ஒளிரும் இலக்கத்தைத் தாமே பார்க்க முடிவது பெரிய மாற்றம். பதிவு சரியாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி செலுத்தும் 8 சதவீதமும், தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீதமும், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு சேவைக்கு மேல் உரித்தாகும் தொகையும் இந்தப் பதிவுகளின் மேல்தான் நிற்கின்றன. செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருந்த காரணத்தால் ஓய்வுபெற்ற பின் சேமலாப நிதியைப் பெற அலைந்தவர்கள் மலையகத்தில் எத்தனையோ பேர்.

இப்போது கேள்விக்கு வருவோம். நிறுவை சம்பளத்தைக் கணக்கிட எடுக்கப்பட்டது. அதே தரவை, மாதக் கணக்காகச் சேர்த்து, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டு, தரம் பிரிப்பது வேறொரு நோக்கம். ஒரு நோக்கத்துக்காக வாங்கியதை வேறொரு நோக்கத்துக்குத் திருப்பும் இந்த இடத்தில்தான் தனிமனித உரிமையும் நிறுவனத்தின் நலனும் மோதுகின்றன. நிர்வாகத்துக்கு எந்த மலையில் விளைச்சல் குறைகிறது என்று அறியும் தேவை உண்டு. அதற்கு மலைவாரியான மொத்தத் தொகை போதும், ஆள்வாரியான பட்டியல் வேண்டியதில்லை. கவ்வாத்து (செடிகளைக் கத்தரித்தல்) முடிந்து அதிகம் துளிர்க்காத மலைக்கு அனுப்பப்பட்டவரின் கிலோவும், நல்ல மலையில் நின்றவரின் கிலோவும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அது உண்மையைச் சொல்லவில்லை. மழை, சரிவு, செடியின் வயது, தொழிலாளியின் உடல்நிலை எதுவும் அந்த எண்ணில் இல்லை. வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதை வாசிப்பது அவமதிப்பு.

கைரேகையைத் தனியே பார்க்க வேண்டும். தொலைந்த அட்டைக்குப் புது அட்டை கொடுக்கலாம். களவாடப்பட்ட கைரேகைக்குப் பதிலாக வேறு விரல் முளைப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கைரேகை போன்ற உடலியல் தரவுகளை மருத்துவத் தகவல், இனம், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றோடு சேர்த்து, கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையாக வைத்திருக்கிறது. தவிரவும், ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்த விரல்களின் ரேகை தேய்ந்து, இயந்திரம் ஏற்றுக்கொள்ளாமல் ஒரு நாள் பேரே இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு.

ஆகவே அம்மாவும் உடன் வேலை செய்பவர்களும் தொழிற்சங்கத்தின் ஊடாக எழுத்தில் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு நிறுவைக்கும் உடனே ஒரு சீட்டு அல்லது குறுஞ்செய்தி, தம் மாதப் பதிவைத் தாமே பார்த்துத் தவறைத் திருத்தும் வழி, கைரேகை வைக்க இயலாதவருக்கு அட்டை, அந்தப் பதிவுகளை நிர்வாகத்தைத் தவிர யார் பார்க்கிறார்கள், மென்பொருள் வழங்கிய நிறுவனத்திடம் அவை தங்குகின்றனவா என்பதற்கான பதில், வேலையை விட்டு நின்றவரின் கைரேகையை அழிப்பதற்கான உறுதி. கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் சம்பளத்தோடு சேர்த்துப் பேச வேண்டிய விடயமாக இது மாறிவிட்டது என்பது என் கருத்து. தொழிற்சங்கங்கள் இதை இன்னும் போதிய அளவு கையில் எடுக்கவில்லை.

கேள்வி: குழுக் கடனில் எங்களோடு இருந்த ஒருவர் கட்டவில்லை. நான் என் தவணைகளை எல்லாம் கட்டினேன். இப்போது முச்சக்கர வண்டிக்கு லீசிங் கேட்டால், "உங்கள் பெயரில் பிரச்சினை இருக்கிறது" என்கிறார்கள். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? – வாசகி, பண்டாரவளை

பெரும்பாலும் 'கிரிப்' என்று எல்லோரும் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தின் ஊடாக. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இப்பணியகத்துக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் கொடுத்த கடன்களின் விவரத்தை அனுப்புகின்றன. புதிதாகக் கடன் கொடுப்பவர் அங்கே கேட்டுப் பார்க்கிறார். பலர் நினைப்பதுபோல் பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. கொடுக்கலாமா என்று முடிவு செய்பவர் கடன் கொடுப்பவரே. நீங்கள் வாங்கிய கடன் மட்டுமல்லாது, பிணையாளியாகக் கையெழுத்திட்ட கடனும் அந்த அறிக்கையில் வரும். குழுக் கடனில் ஒருவருக்கொருவர் பிணை நின்றிருந்தால், அடுத்தவரின் தவறு உங்கள் பெயருக்கு எதிரே நிற்பது அப்படித்தான்.

உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். முதலில் அதைச் செய்யுங்கள். அதில் தவறு இருந்தால், அத்தகவலை அனுப்பிய கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். கட்டிய பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணையுங்கள். லீசிங் நிறுவனத்திடமும், எந்தக் கடனைக் குறித்துச் சொல்கிறார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். "பிரச்சினை இருக்கிறது" என்பது பதிலாகாது.

கடன்காரரைப் பற்றிய பதிவு அவரைவிட வேகமாகப் பயணம் செய்வது மலையகத்துக்குப் புதிதன்று. தொழிலாளரைத் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணிகளின் முறை கோலோச்சிய காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளி பட்ட கடனைக் குறித்து, அதைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கு அவரை விடுவிப்பதாகச் சொல்லும் சீட்டு அது. கடனின் தொகை எவ்வாறு ஏறியது என்பது பெரும்பாலான தொழிலாளருக்குத் தெரியாது. சீட்டை அவரால் வாசிக்கவும் முடியாது. 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. இன்றைய கடன் அறிக்கையை அதனோடு சமப்படுத்துவது மிகை. இன்று உங்கள் அறிக்கையை வாங்கி வாசிக்கவும் எதிர்த்துக் கேட்கவும் உங்களுக்கு வழி இருக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்தாவிட்டால் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருக்காது.

கேள்வி: கைபேசிச் செயலி ஒன்று பத்து நிமிடத்தில் கடன் தருகிறதாம். தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா? – வாசகர், பதுளை

கூடாது. தவணை தவறினால் உங்கள் அத்தைக்கும் ஆசிரியருக்கும் முதலாளிக்கும் அழைப்பெடுத்து உங்களை அவமானப்படுத்துவதற்குத்தான் அந்தத் தொடர்பு இலக்கங்கள். மேலும், உங்கள் கைபேசியில் உள்ள மற்றவர்களின் இலக்கங்களைக் கொடுக்க அவர்கள் உங்களுக்கு அனுமதி தரவில்லையே.

கேள்வி: அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிப் பட்டியலில் எங்கள் குடும்பத்தின் பெயர் வந்தது. பட்டியலைப் பார்த்த அயலவர் ஒருவர் ஆட்சேபனை எழுதிப் போட்டார். எங்கள் வறுமையை ஊருக்கே ஒட்டிக் காட்டுவது சரியா? இனி டிஜிட்டல் அடையாள அட்டை வந்தால் இன்னும் மோசமாகுமா? – வாசகர், அப்புத்தளை

2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிடுகிறது. பட்டியலைப் பகிரங்கப்படுத்தியதற்கு ஒரு நியாயம் உண்டு: தகுதியற்றவர் நுழைவதைத் தடுப்பதும், விடுபட்டவர் முறையிட வழி செய்வதும். ஆனால் அந்த நோக்கத்துக்குப் பெயர்ப் பட்டியல் போதும். எந்தக் குடும்பம் எந்த வகையில் வறியது, யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் வெளியே போகத் தேவையில்லை. உங்கள் வருத்தம் நியாயமானது. அதைவிட எனக்குக் கவலை தருவது, தமக்கு என்ன புள்ளி ஏன் கிடைத்தது என்பதைப் பெரும்பாலான குடும்பங்களால் அறிய முடியாமலிருப்பது. பிரதேச செயலகம் பகிரங்க அதிகார சபை என்பதால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சொந்தக் குடும்பத்தின் மதிப்பீட்டை எழுதிக் கேட்கலாம்.

டிஜிட்டல் அடையாள அட்டையைப் பொறுத்தவரை, நமது சமூகம் "பதிவே வேண்டாம்" என்று சொல்லிவிட முடியாத நிலையில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள், மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, தொடர்ந்து இங்கு வாழ்ந்ததற்கு ஆவணம் காட்டச் சொன்னார்கள். காட்ட இயலாதவர்கள் தோற்றார்கள். 1964 ஒப்பந்தத்தில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இலட்சக்கணக்கானோரை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன. குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை எஞ்சியோரின் பிரச்சினை தீரவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் பள்ளி, வேலை, காணி என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்களுக்குப் பதிவு ஒரு பாதுகாப்பு.

ஆயினும் உடலியல் தரவோடு கூடிய ஒரே அடையாளம் எல்லா அலுவலகங்களையும் இணைக்கும்போது, முதல் பதிலில் சொன்ன அந்த இணைப்பு நாடளாவியதாகிவிடும். எந்த அலுவலகம் எந்தத் தகவலைப் பார்க்கலாம், பார்த்ததற்கான தடம் குடிமகனுக்குத் தெரியுமா, தமிழில் பெயர் பிழையாக ஏறினால் எங்கே, எத்தனை நாளில் திருத்தலாம், இணைய வசதியில்லாத தோட்டத்தில் இயந்திரம் மறுத்தால் மாற்று வழி என்ன என்பவற்றை அட்டை வருமுன் கேட்க வேண்டும். நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

கேள்வி: நுவரெலியாவில் சிறியதொரு டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிய மாணவர்களின் பெயர், தொலைபேசி இலக்கப் பட்டியலைத் தனியார் கல்லூரி ஒன்று பணம் தந்து கேட்கிறது. கொடுத்தால் சட்டப்படி குற்றமா?

கடிதத்தின் தொனியில் உங்களுக்கே தயக்கம் தெரிகிறது. பெற்றோர் அந்த இலக்கங்களைத் தந்தது வகுப்பு நேரத்தையும் கட்டணத்தையும் பற்றி நீங்கள் பேசுவதற்கு. விற்பதற்கு அன்று.

சட்டத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். முன்னர் குறிப்பிட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டம் தரவைக் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலம் மட்டும் வைத்திருக்கச் சொல்கிறது. தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும், திருத்தவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் மக்களுக்கு உரிமை தருகிறது. மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் இடமளிக்கிறது. ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த முக்கியமான பகுதிகள் பிற்போடப்பட்டு, அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. ஆகவே எந்தப் பிரிவு எந்நாள் முதல் செல்லும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை செய்யக்கூடியது இது. கல்லூரி தன் துண்டுப்பிரசுரத்தை உங்களிடம் தரட்டும். விரும்பும் பெற்றோர் தாமே அழைப்பெடுப்பார்கள். மூன்று ஆண்டுக்கு முன் படித்து முடித்த மாணவர்களின் விவரங்கள் இன்னும் உங்கள் கைபேசியிலோ குறிப்பேட்டிலோ இருந்தால் அழித்துவிடுங்கள். புதிய மாணவரைச் சேர்க்கும் படிவத்தில் தந்தையின் தொழில், மாத வருமானம் என்ற கட்டங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடலாம். வகுப்பு நடத்த அவை உங்களுக்கு எந்த வகையிலும் தேவைப்படுவதில்லை.